பெட்டியில் பிழை இல்லை

இது நடந்தது. உருத்திரமூர்த்தி இன்றைக்கும் ஜெர்மனியில், டோர்ட்மண்டில்தான் இருக்கிறார். கேட்டால், நடந்தது என்று தலையை ஆட்டுவார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. முழுவதையும் அவர் சொன்னது ஒரே ஒரு தரம்தான். அன்றைக்கும் காருக்குள் இருந்து சொல்லமாட்டேன் என்று மறுத்து, மழைத் தூற்றலில் வெளியே நின்றுகொண்டு சொன்னார். நேரங்களை மட்டும் நிமிடம் பிசகாமல் சொன்னார்.

2006 நவம்பர் 9, வியாழக்கிழமை. அவருடைய ஒரே மகள் சஜிதா காலையில் வேலைக்குப் புறப்பட்டாள். இருபத்திரண்டு வயது. பக்கத்து ஊரில் ஒரு பல் வைத்தியரிடம் அவளுக்கு அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி, கடைசி வருடம். நகரத்துக்கு வெளியே, சோள வயல்களுக்கு நடுவே போகிற தெருவில் ஒரு வளைவு இருக்கிறது. அன்றைக்கு அங்கே கடும் மூடுபனி. அவளுடைய சின்னக் கார் அந்த வளைவில், நடுத்தெருவில், நின்றுபோயிருந்தது. பின்னால் வந்த லொறிக்காரனுக்கு அது தெரியவில்லை. நேரம் 7.41.

உயிர் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் கண் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, காரைச் சோதித்தவர்களின் அறிக்கை வந்தது. காரில் எந்தக் கோளாறும் இல்லை என்றும், எஞ்சின் சாவியைத் திருப்பி நிறுத்தப்பட்டிருக்கிறது என்றும் எழுதியிருந்தது. அந்த வரி எப்படித்தான் வெளியே போனதோ தெரியாது. ஒரு சாமத்தியச் சடங்கு மண்டபத்தில் ஒரு பெண் அவருடைய மனைவி தேவமலரைத் தனியே கூப்பிட்டு, பிள்ளைக்கு ஏதும் மனக்கஷ்டம் இருந்ததா என்று கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். அன்றோடு இருவரும் கொண்டாட்டங்களுக்குப் போவதை விட்டார்கள்.

தேவமலர் ஒவ்வொரு நாளும் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். உருத்திரமூர்த்தியால் அப்படி இருக்க முடியவில்லை. பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து படுத்தால் நித்திரை வராது. பிள்ளை தானாகவே சாகப் பார்த்தாள் என்கிறார்கள். அது உண்மையானால், அந்தப் பிள்ளையை வளர்த்த தான் யார்? இதுவே அவரைத் தின்றது.

2007 செப்டெம்பரில் ஒரு நாள் அவர் ஸ்ரனிஸ்லாசின் கராஜுக்கு வந்தார். மணிக்கணக்கில் இடத்தை வாடகைக்கு எடுத்து, தங்கள் காரைத் தாங்களே திருத்திக்கொள்கிற கராஜ் அது. ஸ்ரனிஸ்லாசுக்கு முப்பத்தெட்டு வயது. அதிகம் பேசாத தமிழ் மெக்கானிக். உருத்திரமூர்த்தி ஒரு பையை மேசையில் கவிழ்த்தார். சஜிதாவின் கார்ச் சாவி, அந்தச் சாவி போடுகிற பூட்டு, உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய ஓர் அலுமினியப் பெட்டி. காரை நசுக்கப் போன இடத்தில் கெஞ்சிக் கழற்றி எடுத்தவை. எப்போது எவ்வளவு பெற்றோல், எப்போது தீப்பொறி என்று எஞ்சினுக்குச் சொல்கிற மூளை அந்தப் பெட்டிதான்.

சஜிதா அந்தக் காரைப் பழையதாகத்தான் வாங்கியிருந்தாள். முன்பு வைத்திருந்தவன் வேகத்துக்காகப் பெட்டிக்குள் இருக்கிற எண்களை மாற்றியிருப்பான், அதனால்தான் குளிரில் எஞ்சின் தானாக நின்றது. உருத்திரமூர்த்தி கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்த கொம்பு அது ஒன்றுதான். அதே வருடத்து அதே மாதிரிக் கார் ஒன்றும் வாங்கி வெளியே நிறுத்தியிருந்தார். தான் பார்த்துத் தருவதாக ஸ்ரனிஸ்லாஸ் சொன்னார். உருத்திரமூர்த்தி கேட்கவில்லை. தானே பார்க்க வேண்டும், தனக்குப் பழக்கிவிடும்படி கேட்டார்.

எஞ்சினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஸ்ரனிஸ்லாஸ் வெளியே நின்ற காரில் இருந்த பெட்டியைக் கழற்றிவிட்டுச் சஜிதாவின் பெட்டியையும் பூட்டையும் பொருத்தி, ஒரு லாப்டொப்பைக் கம்பியால் இணைத்துக் கொடுத்தார். திரையில் கட்டம் கட்டமாக எண்கள். கீழே போகப் போக எஞ்சினின் வேகம், பக்கவாட்டில் போகப் போக அது இழுக்கிற சுமை. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பெற்றோல் என்று ஓர் எண். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதைக் கொப்பியில் எழுத வேண்டும், பிறகு காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

முதல் நாள் பெற்றோலைக் கூட்டிவிட்டு, கராஜ் முழுவதும் கரும்புகை கக்க வைத்தார். மற்ற நாள் குறைத்துவிட, எஞ்சின் சளி பிடித்தவன் போலச் செருமியது. புகைக்குழாயில் பூட்டியிருந்த அளவி ஒன்று என்ற எண்ணைக் காட்டினால் காற்றும் பெற்றோலும் சரி என்று பொருள். ஐந்து வாரத்தில், திரையைப் பார்க்காமலே சத்தத்தை வைத்து அந்த ஒன்றுக்குக் கொண்டுவரப் பழகிவிட்டார். கற்றுக்கொண்டது சந்தோஷத்தைத் தரவில்லை. எஞ்சின் சீராக ஓட ஓட, பிடித்திருந்த கொம்பு கையை விட்டு நழுவிக்கொண்டு போனது.

ஒரு சனிக்கிழமை, கார் செய்த தொழிற்சாலை போட்டு அனுப்பிய எண்களையும் சஜிதாவின் பெட்டியில் இருந்த எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொன்றாகச் சரி போட்டுப் பார்த்தார். எல்லாம் ஒன்றே. யாரும் கை வைத்திருக்கவில்லை.

"அண்ணை, பெட்டியிலை பிழை இல்லை" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

"பிழை இருக்க வேணும். இல்லாட்டி என்ரை பிள்ளை தானே நிப்பாட்டினது எண்டு ஆகும்."

அன்றிலிருந்து அவர் தலைகீழாக வேலை செய்தார். எஞ்சினைத் திருத்துவதற்கல்ல, நிறுத்துவதற்கு. பெற்றோலைக் குறைத்தார். பொறியைப் பிந்தவைத்தார். எஞ்சின் நடுங்கியது, இருமியது, பிறகு தானாகச் சமாளித்துக்கொண்டு ஓடியது. அவர் கெடுக்கக் கெடுக்க அந்தப் பெட்டி தன்னைத் திருத்திக்கொண்டது.

இதற்கிடையில் சின்னச் சின்னதாகச் சில நடந்தன.

ஒக்டோபர் 17, பிற்பகல் 3.20. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று கார் ஒலி எழுப்பியது. டிங்... டிங்... டிங்... லாப்டொப்பின் பாரம் என்று நினைத்து அதைத் தூக்கி மடியில் வைத்தார். ஒலி நிற்கவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் வந்து இருக்கைக்குக் கீழே இருந்த கம்பியைக் கழற்றிவிட்டுப் போனார்.

ஒக்டோபர் 24, பிற்பகல் 4.05. பக்கத்து இருக்கைக் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்தது. ஒரு கையகலம். ஒருவர் இருந்தால் வாய் இருக்கும் உயரம். துடைத்தார். திரும்பவும் படிந்தது.

நவம்பர் 2, பிற்பகல் 2.48. லாப்டொப்பின் பதிவில் நான்கு விநாடி பிரேக் மிதிக்கப்பட்டிருந்தது. அந்த நேரம் அவர் காருக்கு வெளியே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். உருத்திரமூர்த்திக்கு அது நம்பிக்கையைக் கொடுத்தது. கோளாறு இருக்கிறது, வெளியே வரப் பார்க்கிறது என்று நினைத்தார். அதே இடம், அதே நேரம், அதே குளிர் வேண்டும். எண்களையெல்லாம் பழையபடி வைத்துவிட்டு, மூடுபனிக்காகக் காத்திருந்தார்.

நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. மூடுபனி வந்தது. முதல் நாளே வேலைக்கு லீவு சொல்லியிருந்தார். மனைவிக்கும் சொல்லவில்லை, ஸ்ரனிஸ்லாசுக்கும் சொல்லவில்லை. லாப்டொப்பை மடியில் வைத்துப் பதிவைத் தொடக்கினார். வெளியே மூன்று பாகைக் குளிர்.

7.24. வளைவைக் கடந்தார். ஒன்றும் இல்லை. அடுத்த சந்தியில் திருப்பிக்கொண்டு வந்தார். 7.31. ஒன்றும் இல்லை. எஞ்சின் பூனை போல ஓடியது. அவருக்கு அழுகை வந்தது. பதினைந்து வயதுக்குப் பிறகு அவர் அழுதது அன்றைக்குத்தானாம். ஸ்டியரிங்கில் கையால் அடித்து, நில், ஒரே ஒரு தரம் நின்று காட்டு என்று அந்த எஞ்சினைக் கெஞ்சினார்.

மூன்றாம் தரம் திருப்பினார்.

7.40. வளைவு தெரியத் தொடங்கியது. முன்னால் வெள்ளை. பின்னால் வெள்ளை.

டிங்...

கழற்றிவிட்ட கம்பி.

டிங்... டிங்...

பக்கத்துக் கண்ணாடியில் ஆவி படிவது கடைக்கண்ணில் தெரிந்தது. பெரிதாகியது. சுருங்கியது. பெரிதாகியது.

கார் மெதுவாகியது. அவர் கீழே பார்த்தார். அவருடைய கால் தரையில் இருந்தது. பிரேக் தானாக அமிழ்ந்துகொண்டு போனது.

கார் நின்றது. நடுத்தெரு.

எஞ்சின் இன்னும் ஓடியது. சீராக. நிமிடத்துக்கு எண்ணூற்றைம்பது சுற்றில்.

அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்.

டிக்.

சாவி திரும்பியது.

மௌனம்.

பக்கத்து இருக்கை கிறீச்சிட்டது... பாரமான ஒன்று, அவர் பக்கமாகத் திரும்பி இருப்பது போல.

ஈரத்துணி மணம்.

பார்க்க வேண்டும் போல இருந்தது. அந்த ஆசையை இன்றைக்கும் அவரால் விளக்க முடியவில்லை. பயத்தை விட அது பெரிதாக இருந்தது. கழுத்து தானாகத் திரும்பத் தொடங்கியது...

பிறகு ஏன் என்று தெரியாது. கண்ணை இறுக்கி மூடினார்.

கதவுக் கைபிடியைத் தடவினார்.

விழுந்தார். லாப்டொப்பும் விழுந்தது. எதிர்ப்பக்கப் புல்லுக்கு ஊர்ந்து போனார்.

பின்னால் இரண்டு வெளிச்சம்.

லொறி பிரேக் அடித்தது. போதவில்லை. கார் அவருடைய கண்முன்னால் பாதியாக மடிந்தது.

பொலிஸ் வந்தது. பேரைக் கேட்டுக்கொண்டு போய் எங்கோ தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்த இளம் அதிகாரியின் முகம் மாறியிருந்தது. அதே வளைவு, அதே நேரம், அந்தப் பெண்ணின் தகப்பன். ஏன் எஞ்சினை நிறுத்தினீர்கள் என்று அவர் மிக மெதுவாகக் கேட்டார். தான் நிறுத்தவில்லை என்றார் உருத்திரமூர்த்தி. அதிகாரி அதை எழுதவில்லை. கதைப்பதற்கு ஒருவரின் உதவி வேண்டுமா என்று கேட்டு, மனநல வைத்தியர் ஒருவரின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தார்.

கூட்டிப்போக ஸ்ரனிஸ்லாஸ் வந்தார். கராஜில் வைத்து, திரை உடைந்த லாப்டொப்பை வேறொரு திரையோடு இணைத்துப் பதிவைத் திறந்தார். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. 7.40ம் 52 விநாடியும்: பிரேக். 7.41ம் 6 விநாடியும்: சாவி, நிறுத்தம். அதோடு பதிவு முடிந்திருந்தது.

"நீங்கள்தான் திருப்பினது எண்டு கிடக்குது, அண்ணை."

"என்ரை ரண்டு கையும் ஸ்டியரிங்கிலை இருந்தது."

ஸ்ரனிஸ்லாஸ் பதிவைத் திரும்பவும் முதலில் இருந்து ஓட்டிப் பார்த்தார். அந்த இடத்தில்தான் உருத்திரமூர்த்திக்கு விளங்கியது. மாதக்கணக்காகத் தேடிய சாட்சி கிடைத்துவிட்டது. மகள் சாவியைத் தொடவில்லை. அதை இனி உலகத்தில் ஒருவருக்கும் நிரூபிக்க ஏலாது. மகளைப் பற்றி எழுதிய அதே வரியைத்தான் இனி அவரைப் பற்றியும் எழுதப்போகிறார்கள். எழுதினார்கள்தான்.

பக்கத்து இருக்கையில் நடந்ததை அவர் பொலிசுக்குச் சொல்லவில்லை. ஸ்ரனிஸ்லாசுக்கும் சொல்லவில்லை.

பகல் 1.10க்கு மருத்துவமனைக்குப் போனார். தேவமலர் அறைக்கு வெளியே, கையில் ஒரு தாளோடு நின்றிருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. விபத்தைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள் என்று உருத்திரமூர்த்தி நினைத்தார். அது இல்லை. கணவனுக்கு விபத்து நடந்ததே தேவமலருக்குத் தெரியாது.

காலையில் சஜிதாவைத் துடைக்க வந்த தாதி பிளோறன்ஸ், கமரூனில் இருந்து வந்தவள், தமிழில் ஒரு சொல்லும் தெரியாதவள். துடைத்துக்கொண்டிருக்கும்போது சஜிதா கதைத்தாள் என்கிறாள். கண் மூடியபடியே, தெளிவாக, பெரிய சத்தமாக. பிளோறன்ஸ் ஓடிப்போய் வைத்தியரைக் கூட்டி வந்தாள். அவர் பார்த்துவிட்டு, அது நடக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு வருடமாகச் சஜிதா தொண்டையில் துளையிட்டுப் போட்ட குழாயால்தான் மூச்சு விடுகிறாள். மூச்சு குரலுக்கு ஏறாது. சத்தம் வர வழியே இல்லை.

பிளோறன்ஸ் விடவில்லை. கேட்டதைக் கேட்டபடியே ஜெர்மன் எழுத்தில் கூட்டி எழுதி, தாய் வந்ததும் பொருள் கேட்டிருக்கிறாள். தேவமலர் அவளுக்குப் பொருள் சொல்லவில்லை. தாளைக் கணவனிடம் நீட்டினார்.

மேலே நேரம் எழுதியிருந்தது. 7.41.

கீழே ஒரே வரி, மூன்று தரம். மூன்று தரம் சொன்னாளாம்.

அப்பா, பக்கத்திலை பாக்காதேங்கோ.