என் விரலில் அவன் எடுத்த சிம்

இறால் உரிக்கிற விரலில் ரேகை நிற்காது. பன்னிரண்டு வருடம் ஐஸ் தண்ணீரில் ஊறி என் பெருவிரல் வழுவழுவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடைக்குப் போனாலும் "ரேகை விழல, தொடச்சிட்டு வைங்க" என்பார்கள். எங்கள் கம்பெனிப் பெண்கள் எல்லாருக்கும் இதே கதைதான். ஏன் எதற்கு என்று கேட்காமல் மறுபடி மறுபடி வைத்துப் பழகிவிட்டோம்.

இது அந்தச் செல்போன் கடைக்காரனுக்கு நன்றாகத் தெரியும். கம்பெனி வேன் எங்களை இறக்கிவிடும் இடத்துக்கு எதிரிலேயே அவன் கடை. சிம் வாங்கப் போய், ஆதார் சரிபார்க்கும் கருவியில் விரலை வைத்தேன். "விழலக்கா, இன்னொரு தடவ வைங்க" என்றான். வைத்தேன். "இன்னொரு தடவ." அதையும் வைத்தேன். அவனுக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. கிளம்பும்போது "ரொம்ப தேங்க்ஸ் அண்ணாச்சி" என்று வேறு சொன்னேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்று மாதம் கழித்துப் போலீஸ் வீட்டுக்கு வந்தது. என் பெயரில் உள்ள ஒரு நம்பரிலிருந்து யாரோ பேங்க் மேனேஜர் என்று பேசி ஒரு பெரியவரை ஏமாற்றியிருக்கிறார்கள்.

"அது என் நம்பரே இல்ல சார்."

"ஒங்க ரேகைதானம்மா விழுந்திருக்கு. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். தெருவே வாசலில் நின்று பார்த்தது. திருடி என்ற பேரோடு நாளைக்கு எந்த முகத்தோடு வேன் ஏறுவது? எனக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த நம்பர் எடுத்த தேதியைக் கேட்டேன். நான் சிம் வாங்கிய அதே நாள். அப்படியென்றால் என் ரேகை முதல் தடவையே விழுந்திருக்கிறது. பாவி, அடுத்த இரண்டு தடவையும் என் பேரில் அவனுக்கு வேறு சிம் எடுக்கத்தான் வைக்கச் சொல்லியிருக்கிறான்.

நேரே போய்ச் சட்டையைப் பிடித்தால் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவிடுவான். அவனை ஓடவிட எனக்கு மனசில்லை. மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு வேளையில், "ஏளா, அந்தக் கடையில சிம் வாங்குனவளுவ யாரு யாரு?" என்று கேட்டேன். ஏழு பேர். ஒருவர் பெயரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று காட்டும் அரசு இணையதளத்தில் ஒவ்வொருத்திக்காகப் பார்த்தோம். ஏழு பேர் பெயரிலும் அவர்களுக்கே தெரியாத நம்பர்கள். அதை எழுதி எடுத்துக்கொண்டு, ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அவன் பிடிபடும்வரை தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போனேன். "நல்லாருக்கியளாக்கா?" என்பான். நானும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

இப்போது ஆதாரில் என் கைரேகையைப் பூட்டி வைத்திருக்கிறேன். தேவைப்படும்போது நானே திறந்து நானே பூட்டுவேன். எங்கே விரல் வைத்தாலும் அந்தத் திரையை என் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறேன்.

அவனைப் பிடித்த அன்று வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட என்னை அழைத்திருந்தார்கள். என் கண் முன்னாலேயே போலீஸ்காரர் அவன் பெருவிரலில் மை தடவித் தாளில் அழுத்தினார். வேர்த்த கை வழுக்கி மை அப்பிக்கொண்டது. நான் எட்டிப் பார்த்தேன்.

"விழல அண்ணாச்சி" என்றேன். "இன்னொரு தடவ வைங்க."