கிராம்புக் கறை

மதினியின் சேலைகள் எல்லாவற்றிலும் முந்தானையின் ஒரு மூலையில் பழுப்பாக ஒரு கறை இருக்கும். சமையலில் பட்ட கறை என்று அம்மா நினைத்தாள். அது கிராம்புத் தைலமும் ரத்தமும் கலந்த கறை.

அண்ணனுக்குப் பெண் பார்க்கத் திருநெல்வேலிப் பக்கம் போனபோது, யாரோ சொன்ன வேடிக்கைக்கு அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்காகவே அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. பொத்திய துணிக்குப் பின்னால் இருந்த சொத்தைப் பற்களை யாரும் பார்க்கவில்லை. தியாகராய நகரில் எங்கள் ஜவுளிக்கடைக்கு மேலேயே வீடு. வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, "எம் மருமவ சிரிச்சா பல்லு தெரியாது" என்று பெருமை பேசுவாள். மதினி ஒரு பக்கமாகவே மென்றாள், பாயசத்தை ஒதுக்கினாள். அதையும் அடக்கத்தில் சேர்த்தார்கள்.

ஒருநாள் அவள் கன்னம் வீங்கியிருந்தது. என்னவென்று கேட்டேன். "வாய்க்குள்ள பிரியாணி வேவுது தம்பி. வாசம் வரல? இறக்குனதும் உங்களுக்கும் தாரேன்" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். கண்ணில் நீர் நின்றது.

காய்ச்சல் என்றால் எங்கள் வீட்டில் கஞ்சி வைப்பார்கள். பல்வலி நோய்க்கணக்கிலேயே இல்லை. மதினி தானே இரண்டு முறை அம்மாவிடம் சொன்னாள். கிராம்புத் தைலம் கொடுத்தார்கள். அப்போது நான் ஒரு பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "பல்வலிக்கு யாராவது டாக்டர்ட்ட போவாவளா? புத்திமதியெல்லாம் ஒம் பேப்பர்ல எழுது" என்றாள் அம்மா. "தீவாளி யாவாரம் முடியட்டும்ல" என்றான் அண்ணன். நானே அழைத்துப் போகிறேன் என்றதற்கு, கொழுந்தனோடு தெருவில் போவதா என்று வீடே கத்தியது. பல் டாக்டர் அடுத்த தெருவில்தான் இருந்தார்.

தீபாவளிக்கு முன்பே வீக்கம் கழுத்துக்கு இறங்கிவிட்டது. எச்சில்கூட விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் டாக்சிக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா சார், அந்தம்மா மூச்சு வுட முடியாம கீது. இம்மா நாளா இன்னா பண்ணிகினு இருந்தீங்க?" என்றார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சொத்தைப் பல்லின் சீழ் கழுத்துக்குள் பரவி மூச்சை அடைக்கிறது, அந்தப் பல்லை முன்பே பிடுங்கியிருக்கலாம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். மறுநாள் காலை மதினி இறந்தாள். அவள் மகளுக்கு அப்போது இரண்டு வயது.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் அம்மா, "வலிக்குன்னு ஒரு நாளும் வாயத் தொறந்ததில்ல, மவராசி" என்று அழுதாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பச்சைப் பொய். இத்தனை வருடம் கழித்தும் அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த மகள் இப்போது தாவணி போடுகிறாள். போன வாரம் நான் சொன்ன எதற்கோ, தாவணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்படியே அவ அம்மா!" என்று பூரித்தாள் என் அம்மா. நான் அந்த முனையைப் பார்த்தேன். இளம் பழுப்பாக ஒரு கறை.

"கையை எடு. வாயத் தொற" என்றேன்.

கீழே கடையில் தீபாவளிக் கூட்டம். "யாவார நேரத்துல எங்கல போற?" என்று மாடியிலிருந்து அம்மா கத்தினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பிள்ளையின் கையை விடாமல் அடுத்த தெருவுக்கு நடந்தேன்.