போன வாரத்து அருவி

குற்றாலத்தில் எனக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கடை. வீடு மேலகரத்தில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பேச்சும் அதிகம் வராது. சிப்ஸ் போட இது போதும்.

சீசன் மூன்று மாதம். அந்த மூன்று மாதம் ஓடினால்தான் வருசம் ஓடும். மீதி நாளில் குரங்குதான் கடைக்கு வரும். அதனால் வெளியூருக்குப் பார்சல் அனுப்பலாம் என்றாள் என் பெண்டாட்டி. துபாயில் இருக்கும் அவள் தம்பி போனில் வழி சொன்னான்.

“அத்தான், நெட்டுல கடை பேர்ல ஒரு பக்கம் தொறந்தாச்சு. டெய்லி ஒரு வீடியோ போடணும். ஒருநாளு விட்டாலும் ஜனம் மறந்துரும்.”

“என்னத்தப் போட?”

“எதையாவது போடுங்க. ஆனா டெய்லி போடுங்க.”

பெண்டாட்டி போனைப் பிடித்தாள். முதல் நாள் காய் சீவினேன். இரண்டாம் நாளும் காய் சீவினேன். ஒன்பதாம் நாளும் அதுதான். வாழைக்காயில் புதிதாக என்ன நடக்கும்? வீடியோவுக்குக் கீழே ஒருவர், ‘அண்ணனுக்கு வாய் உண்டா?’ என்று எழுதியிருந்தார்.

“ஏங்க, ஒரு வார்த்த பேசினா பல்லு கொட்டிருமா?” என்றாள் பெண்டாட்டி.

“எண்ணெ கொதிக்குறது பாத்தாலே தெரியும்லா.”

காலையில் கடை திறக்குமுன் மெயின் அருவியில் குளிப்பது என் வழக்கம். பத்தாம் நாள் போனை எடுத்துக்கொண்டு போனேன். அருவியைக் காட்டினேன். ‘தண்ணி விழுது. சுமாரா விழுது. சிப்ஸ் இருக்கு’ என்றேன்.

அது பிடித்துக்கொண்டது. கோவில்பட்டிக்காரருக்கும் சிவகாசிக்காரருக்கும் வேன் பிடிக்குமுன் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். தண்ணீர் விழுகிறதா, போலீஸ் குளிக்க விடுகிறதா. தினமும் போய்ப் பார்த்துச் சொன்னேன். ‘ஐந்தருவி நாலாத்தான் விழுது.’ ‘வெள்ளம். குளிக்க விடல. வராதீங்க.’ தண்ணீர் கேட்டவர்கள் அப்படியே சிப்ஸும் கேட்டார்கள். பார்சல் போக ஆரம்பித்தது.

அந்த ஆடியில் சாரல் நின்றுபோனது. வெள்ளிக்கிழமை காலையில் பாறை மட்டும் இருந்தது. அதைக் காட்டினேன். ‘தண்ணி இல்ல. சிப்ஸ் இருக்கு.’

சாயங்காலம் எங்கள் வரிசைக் கடைக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். துண்டுக் கடை, பரோட்டாக் கடை, எண்ணெய் மசாஜ். மசாஜ்காரர்தான் ஆரம்பித்தார்.

“ஓய், ஒமக்கு என்ன கோட்டியா? விடிஞ்சா சனிக்கெழம. இன்னைக்குப் பாத்துப் பாறையக் காட்டுதீரு.”

“பாறைதானவே இருந்துச்சு.”

“பாறை எங்கவே போவுது? வந்தவன் ஒரு துண்டு வாங்குவான், நாலு பரோட்டா திம்பான், எங்கிட்ட மசாஜ் போட்டுக்கிடுவான். தண்ணி இல்லங்கது அவனுக்கு இங்கன வந்துதான் தெரியணும். வீட்ல வச்சுத் தெரியக் கூடாது.”

பரோட்டாக் கடைக்காரர் வருத்தமாகச் சொன்னார்: “பேசாத மனுசன்னுல்லா ஒம்ம இத்தன வருசமா நெனச்சிருந்தோம்.”

அவர்கள் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. கூட்டம் வராவிட்டால் என் அடுப்பும்தான் எரியாது. வீடியோவை ஒருநாள் நிறுத்தலாமா என்று துபாய்க்குப் போன் போட்டுக் கேட்டேன். “நிப்பாட்டவே கூடாது அத்தான்” என்றான்.

நிறுத்தவும் கூடாது, பாறையைக் காட்டவும் கூடாது. சனிக்கிழமை விடியற்காலையில் போன வாரத்து வீடியோவை எடுத்துப் போட்டேன். அதில் தண்ணீர் ஜோராக விழுந்தது. புதிதாக நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதனால் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை, பத்து மணி வரை.

பத்து மணிக்கு ராஜபாளையத்து வேன் ஒன்று கடை முன்னால் நின்றது. ஆறு ஆண்கள் இறங்கினார்கள். ஆறு பேருக்கும் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். விவரமானவர்கள் வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். அருவிக்குப் போய்ச் சேருவதற்குள் ஊறிவிடும். இவர்களுக்கு நன்றாக ஊறியிருந்தது. வழித் தூசி முழுக்க மேலே இருந்தது. அருவியைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்திருந்தார்கள்.

அவர்களில் மூத்தவர் கேட்டார்: “வீடியோ போடுற அண்ணாச்சி நீங்கதான?”

“ஆமா.”

“தண்ணி எங்க அண்ணாச்சி? உங்க பேச்ச நம்பி எண்ணெ தேச்சிட்டு வந்தோம். கண்ணு எரியுது.”

“அது போன வாரத்துத் தண்ணி.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப நாங்க போன வாரம் வந்திருக்கணும்.”

கடைக்குப் பின்னால் காய் கழுவ இரண்டு டிரம்மில் தண்ணீர் இருந்தது. அங்கே அழைத்துப்போய் வரிசையாக உட்கார வைத்தேன். வாளியை எடுத்தேன். “அருவின்னா ஒசரத்துல இருந்து விழணும்” என்றார் ஒருவர். கேட்டது தப்பில்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்று ஊற்றினேன். சீயக்காய் அவர்களிடமே இருந்தது.

மசாஜ்காரர் எட்டிப் பார்த்தார். “எல்லாவனும் வீட்லயே தேச்சிட்டு வந்தா நான் எதத் தேய்க்க?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு டிரம்மும் காலி. காய் கழுவத் தண்ணீர் இல்லை. அந்தச் சனிக்கிழமை நான் சிப்ஸ் போடவில்லை.

வீடியோவுக்குக் கீழே வந்ததையெல்லாம் பெண்டாட்டி வாசித்தாள். சிலதை வாசிக்காமல் தாண்டினாள். ‘இவரும் இப்படியா?’ என்று ஒருவர் எழுதியிருந்தார். திட்டியவர்களைவிட அவர்தான் என்னைத் தூங்கவிடவில்லை. என் பேச்சு பத்து வார்த்தைதான். அதையும் நம்பாவிட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை பாறைக்கு முன்னால் நின்றேன். ‘நேத்து போட்டது பழசு. என் தப்பு. தண்ணி இல்ல. எண்ணெ தேச்சிட்டு வராதீங்க.’

துண்டுக் கடைக்காரர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை. சண்டைக்கு வருவார் என்று நினைத்த மசாஜ்காரர் சிரித்துக்கொண்டு வந்தார். “கடைசியா ஒண்ணு சொன்னீரே, எண்ணெ தேச்சிட்டு வராதீங்கன்னு. அத மட்டும் டெய்லி சொல்லும்.”

ஆனால் ஜனம் நம்பவில்லை. மறுபடி சாரல் அடித்துத் தண்ணீர் கொட்டியபோதும், ‘இது எந்த வாரத்துத் தண்ணி?’ என்றுதான் கேட்டார்கள். பெண்டாட்டி தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு அருவிக்கு முன்னால் நின்றேன்.

“அத்தான், சினிமால ஆளக் கடத்தி வச்சுத் தேதியோட படம் அனுப்புத மாதிரி இருக்கு” என்றான் துபாய்க்காரன்.

இருக்கட்டும் என்று தினமும் நின்றேன். நம்ப ஆரம்பித்தார்கள். நின்றுபோயிருந்த பார்சலும் மறுபடி போக ஆரம்பித்தது. சீசன் முடிந்து அருவி நூலாகிவிட்ட பிறகும் நிற்கிறேன். தண்ணீரைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை. நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: ‘அண்ணாச்சி, பெருவிரலக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. ராகு காலம் மறையுது.’

இன்றைக்குத் தள்ளித்தான் பிடித்தேன்.