கெண்டக்கி ஆட்டிறைச்சியும் கிள்ளான் மாதா கோவிலும்

கிள்ளானை அடுத்த மேருவில் கொதிகலன் பழுதுபார்க்கும் கிரிகரிக்கு ஐம்பத்திரண்டு வயதில் அமெரிக்கா போக வாய்த்தது. கம்பெனி அவரை ஐந்து மாதப் பயிற்சிக்குக் கெண்டக்கி மாநிலத்துக்கு அனுப்பியது. அங்கே அவருக்கு ஒருவரையும் தெரியாது. ஞாயிறு பூசைக்குப் போனவர், அந்தக் கோவிலின் கோடை விருந்துச் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேட்டுத் தானும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

புகையில் வாட்டித் தின்ன டெக்சஸ்காரர்களுக்கு மாடு, கரோலினாக்காரர்களுக்குப் பன்றி. அந்த வட்டாரத்துக்கோ ஆடு. முற்றிய செம்மறியை மரப்புகையில் பத்து மணி நேரம் வாட்டினார்கள். தச்சர், வாத்தியார், பால்பண்ணைக்கார வால்டர் எல்லோரும் முறைவைத்து நின்றார்கள். தரை துடைக்கும் மாப் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்து கிரிகரியிடம் கொடுத்தார்கள். அதைக் காடியும் மிளகும் கலந்த உப்புநீரில் நனைத்து இறைச்சிமேல் ஒற்றியெடுப்பது அவர் வேலை. அத்தனை சந்தோஷமாக அவர் எந்த வேலையும் செய்ததில்லை.

கிள்ளானுக்குத் திரும்பியதும் மாதா கோவில் திருவிழாவுக்கு அதையே செய்யலாம் என்றார். கோவில் சமையலுக்குப் பொறுப்பான சூசன் மாப்பைப் பார்த்து முகம் சுளித்தார்.

“மொளகாத்தூள் இல்லாம ஆட்டெறச்சியா? என்னா கிரிகரி, பத்தியச் சாப்பாடா?”

“புது மாப்புதான்க்கா. ஒரு தடவ நம்புங்க லா!”

சிமெண்டுக் கல் அடுக்கி, மேலே இரும்பு வலை போட்டு, ரம்புத்தான் மர விறகில் தீ மூட்டினார். ஆனால் தொடங்கியதே காலைப் பூசைக்குப் பிறகு. மத்தியானம் ஜனங்கள் தட்டோடு வரிசையில் நின்றதும் பதறிப்போய் ஐந்து மணி நேரத்திலேயே இறக்கிவிட்டார். இறைச்சி ரப்பராக இழுத்தது. பங்குப் பேரவைத் தலைவர் கென்னத் வாயில் போட்ட துண்டை மென்றுகொண்டேயிருந்தார். சூசன் எல்லாவற்றையும் வாரிப் பெரிய சட்டியில் போட்டு, மசாலா தூவிப் பிரட்டலாக்கினார். கிரிகரியே வெட்கத்தோடு இரண்டு தட்டு சாப்பிட்டார்.

நடந்ததை வால்டருக்கு எழுதினார். “எங்களுக்கும் முதல் வருஷம் அப்படித்தான் ஆனது. நேரத்தைத் திருட முடியாது” என்று பதில் வந்தது.

மறுவருஷம் விடியுமுன்பே தீ மூட்டினார். எட்டு மணிக்கு மழை கொட்டியது. கென்னத்தும் இன்னும் மூன்று பேரும் தார்ப்பாயின் நான்கு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிரிகரிக்குக் கை ஓய்ந்தபோது மாப்பைச் சூசன் வாங்கிக்கொண்டார். இரண்டு மணிக்கு எலும்பை இழுத்ததும் சதை தானே கழன்று விழுந்தது.

சூசன் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடித் திறந்தார்.

“மொளகாத்தூள் வேணாம். ஆனா கொஞ்சம் புளி இருந்தா நல்லாருக்கும்.”

இப்போது நான்கு திருவிழா ஆகிவிட்டது. தொட்டுக்கொள்ளப் புளியும் மிளகும் காய்ச்சிய கறுப்புச் சாறு உண்டு. முறைவைத்து நிற்பவர்களின் பட்டியலைச் சூசன்தான் போடுகிறார். யாரும் கேட்காத விடியற்காலை முறையைக் கிரிகரி கேட்டு வாங்கிக்கொள்கிறார். கோப்பையில் கோப்பி, எதிரே புகை. பூசை மணி அடிக்கும்வரை அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.