ஹாஜியாரின் டீசல் காருக்கு ஹெட் கேஸ்கட் போட்ட நாள்

எஞ்சினைத் திறந்து பிழைக்கும் நம் போன்றவர்களுக்கு இரும்பினால் வரும் கோபத்தைவிட, பக்கத்தில் வந்து நிற்கும் ஆட்களால் வரும் கோபம்தான் அதிகம்.

அன்று கொட்டாஞ்சேனைக் கராஜில் இருந்தவர்கள்: முதலாளி செபஸ்தியான், காரின் சொந்தக்காரரான வெள்ளவத்தைப் புடவைக்கடை காசிம் ஹாஜியார், அவருடைய மச்சான் நூர்தீன், கார் ஓட்டும் பியூஸ், பிறகு எல்லாரும் 'பாஸ்' என்று கூப்பிடும் மெக்கானிக் நான். கார் ஜெர்மனியில் செய்த பழைய டீசல் கார். ஜெர்மனியோடு சண்டை நடக்கும் காலம். அதற்கு ஓர் ஆணிகூடக் கப்பலில் வராது.

பாகும் எறும்பும்

ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சினுக்கும் அதன் மூடிக்கும் நடுவே கிடக்கும் தகடு. அது வெடித்திருந்தது. மூடியைக் கழற்றினால், தண்ணீர் ஓடும் துவாரங்களில் பாகு போல ஏதோ ஒட்டியிருந்தது. அதில் எறும்பு.

பியூஸ் என் காதருகே வந்து விஷயத்தைச் சொன்னான். ஹெந்தளையில் ரேடியேட்டர் கொதித்திருக்கிறது. நிற்பாட்டி ஆறவிடுவோம் என்று அவன் கேட்டிருக்கிறான். கலியாண வீட்டுக்கு நேரமாகிறதென்று ஹாஜியார் விடவில்லை. ரோட்டோரக் கடையில் தம்பிலி வெட்டி ஊற்றச் சொன்னாராம். கொதிக்கிற இரும்பில் குளிர்ந்த இளநீர்! தகடு வெடிக்காமல் என்ன செய்யும்? பியூஸுக்கு நாலு பிள்ளைகள். இந்தச் சம்பளம் ஒன்றுதான். ஹாஜியாரோ அவனைக் காட்டி முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"இவனுக்கு ஓட்டத் தெரியா. கார் சரியானா வேற டிரைவர்தான். இவன்ட கணக்கு இன்னையோட முடிச்சி."

நெருப்பில் போட்ட செம்பு

புதுத் தகடு வாங்க வழியில்லை. செம்புத் தகட்டில் அளந்து நானே வெட்டினேன். வெட்டித் துளையிட்டால் செம்பு இறுகிப் போகும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால்தான் இளகி, மூடிக்குக் கீழே சரியாக உட்காரும். கந்தோரில் பேனா பிடிக்கும் நூர்தீன் இதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். விளக்கிச் சொல்ல எனக்குக் கூச்சம். அவர் வாசலில் நின்ற ஹாஜியாருக்கும் கேட்கக் கதைத்தார்:

"புதுத் தகட்டையும் எரிச்சிட்டீங்களே பாஸ். மச்சானுக்கு நான் என்னண்டு சொல்ற?"

உதவிக்கை

மூடியின் நட்டுகளை நடுவில் தொடங்கி, மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். இல்லையென்றால் மூடி கோணிவிடும். கோணினால் இலங்கை முழுவதும் தேடினாலும் வேறு மூடி கிடையாது. காரும் இரும்புக் கடைக்குத்தான் போகும். நடு நட்டுகளை முறுக்கிவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வரும்போது நூர்தீன் ஸ்பேனரை எடுத்து ஒரு பக்கத்து நட்டுகளை மூச்சைப் பிடித்து முறுக்கி முடித்திருந்தார். எல்லாவற்றையும் கழற்றி, நசுங்கிய தகட்டைத் திரும்ப நெருப்பில் போட்டேன். நல்ல வேளை, மூடி கோணவில்லை. இவ்வளவு நேரமும் முதலாளி பக்கத்தில்தான் நின்றிருக்கிறார்.

"விடு பாஸ்," என்றார். "மனுசன் நமக்கு உதவிதானே செஞ்சது."

குழாய்கள்

எஞ்சின் ஒரே முயற்சியில் பிடித்தது. இனி அதைச் சூடேற்றி, ஆறவிட்டு, நட்டுகளை இன்னொரு தரம் முறுக்க வேண்டும். ஹாஜியார் அதற்குள் புது டிரைவர் ஒருவனைக் கூட்டிவர மச்சானை அனுப்பிவிட்டார். பியூஸ் தன் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

வாடிக்கைக்காரரிடம் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. எஞ்சினை நிறுத்தி, டீசல் போகும் குழாய்களைக் கழற்றித் துணியில் சுற்றி அக்குளில் இடுக்கினேன். "சூடேறினால் நிற்பாட்டுகிறவன் ஓட்டினால்தான் இந்த வேலை நிலைக்கும், ஹாஜியார். பியூஸ் ஓட்டுவதென்றால் பூட்டித் தருகிறேன். இல்லையென்றால் மூடிக்குள் அந்தப் பாகு எப்படி வந்தது என்று இங்கேயே முதலாளிக்குச் சொல்லுகிறேன். குழாயும் என்னிடமே இருக்கட்டும்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. முதலாளி நிலத்தைப் பார்த்தார். ஹாஜியார் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டார்.

"சரி, பியூஸே ஓட்டட்டும். ஆனா அந்தத் தம்பிலிக் காசை அவன்ட சம்பளத்திலதான் புடிப்பேன்."

பூட்டி முடித்தபோது தட்டில் ஒரு நட்டுகூட மிஞ்சவில்லை. வாய்க்குள் விழுங்கிய ஏச்சு மட்டும் ஏழு மிச்சம்.