அரை அங்குலம் உயர்ந்த கார்

கூரை ஓடு மாற்ற ஏறிய என் கணவர் விழுந்து, முதுகில் சத்திரசிகிச்சை செய்த பிறகுதான் எங்கள் காரை நான் ஓட்டத் தொடங்கினேன். கிழமைக்கு இரண்டு நாள் இறக்கக்கண்டியிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு, பிசியோதெரபிக்கு. வீட்டுக்குப் போகும் சின்னத் தெரு, எங்கள் ஒழுங்கை, முழுக்கக் குழி. சின்ன ஜப்பான் கார், அடிப்பக்கம் நிலத்தில் முட்டும். முட்டும்போதெல்லாம் பின்சீற்றில் அவர் மூச்சை உள்ளே இழுப்பார். கத்தமாட்டார். அந்த மூச்சு எனக்குக் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும்போதும் கேட்டது.

டயர் நான்கும் வழுவழு என்று தேய்ந்திருந்தன.

"கொம்பனி போட்ட சைஸையே நீரும் போடும்," என்றார் அவர்.

"கொஞ்சம் உயர்ந்தது போட்டால் கார் முட்டாதெல்லோ?"

"றிம் பழசு, டயர் மட்டும் பெரிசு எண்டால் திருப்பேக்க எங்கையாவது உரசும். மீற்றரும் பிழையாக் காட்டும்."

அவர் படுத்துக்கொண்டே தீர்மானிப்பதும், நான் ஓடித்திரிவதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் தனியாக டயர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் கிண்ணியா முஸ்லிம் ஆள். அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன்.

எங்கள் டயரில் 155/65 என்று எழுதியிருந்தது. முதல் எண் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச்சுவர் உயரம் என்று நானா விளங்கப்படுத்தினார். அதே றிம்முக்கு 165/65 ஏறும், 165/70உம் ஏறும்.

"எது கூட உயரம்?"

"எழுபதுதான். கார் அரை அங்குலத்துக்கு மேல உயரும். ஆனா தங்கச்சி, ஆள் ஏறினாப் பிறகு உரசுமோ எண்டு என்னால சொல்ல ஏலாது."

வெறும் காரை முழுக்கத் திருப்பிப் பார்த்தோம். உரசவில்லை. "போடுங்க நானா," என்றேன்.

ஒழுங்கையில் கார் முட்டாமல் வந்தபோது தனியாகவே சிரித்தேன். அவரிடம், "புதுசு போட்டாச்சு," என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் திரும்பினேன். முன்சில்லுப் பக்கம் டயர் உரசி 'கர்ர்' என்றது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு எந்த வளைவு வந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டேன். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பப் பயம். அகலமாக வளைத்து வளைத்து எடுத்தேன். நித்திரையும் ஒழுங்காக வரவில்லை. இரண்டு கிழமை அப்படியே போனது. ஒருநாள் நிலாவெளி வீதியில் அகலமாகத் திரும்பியபோது எதிரே ஓட்டோ ஒன்று வந்துவிட்டது. பிறேக் அடித்தேன். ஒரு சாண் இடைவெளி. ஓட்டோக்காரர் ஏசிவிட்டுப் போனார்.

"ஏன் முழுசாத் திருப்பேல்லை?" என்று கணவர் கேட்டார்.

"உரசும்."

"என்ன சைஸ் போட்டனீர்?"

சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது. "நீங்கள் ஒவ்வொரு குழிக்கும் மூச்சைப் பிடிக்கிறதை என்னால கேட்டுக்கொண்டிருக்க ஏலாது!"

அவர் காரை ஓரங்கட்டச் சொன்னார். கதவைத் திறந்து, நான் சுற்றி வருவதற்குள் தானாகவே இறங்கி, பொனற்றைப் பிடித்தபடி நின்றார். சில்லுக்கு மேல் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். உள் பிளாஸ்டிக்கில் டயர் கோடு கீறியிருந்தது. விரலெல்லாம் கறுப்பு.

"165/65க்கு மாத்துவம். கால் அங்குலம்தான் கிடைக்கும். மிச்சத்துக்கு நீர் மெல்ல ஓடும்." பிறகு, "எனக்கு அவ்வளவு நோவில்லையப்பா. பழக்கத்தில மூச்சைப் பிடிக்கிறன்," என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

நானா ஒன்றும் முணுமுணுக்காமல் மாற்றித் தந்தார். உரசல் நின்றது. ஒரு குழியில் மட்டும் கார் இன்னும் முட்டுகிறது.

போன மாதம் டொக்டர், இனி அவர் கார் ஓட்டலாம் என்றார். அவர் ஓட்ட, சீனன்குடா வரை போய் வந்தோம். நான் இடப்பக்கச் சீற்றில். வளைவு வரும்போதெல்லாம், பிறேக் இல்லாத இடத்தில் என் கால் அழுந்திக்கொண்டே இருந்தது.