ஏலத்துக்கு வராத நெல் மூட்டை

வேடசந்தூரிலிருந்து சைக்கிளில் வந்த மில் தொழிலாளி ஒருவர் பள்ளிக்கூட வாசலில் நின்று, மாசிலாமணி உபதேசியார் விடியற்காலையில் இறந்துவிட்டதாகச் சொன்னார். சரி என்றேன். பாடத்தை முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அடக்கத்தின்போது எனக்கு அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. மனசு மரத்துக் கிடக்கிறது. அவரை அறிந்த சபையார் நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அகரத்தில் நாங்கள் ஒரே சபையில் வேலை பார்த்தோம். அவர் கோயிலில் ஆராதனை நடத்தும் உபதேசியார், நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். உள்ளதைச் சொன்னால் பிரசங்கத்தில் அவர் சுமார்தான். ஆனால் தீர்க்கதரிசிகளை, அதிலும் எரேமியாவை எடுத்துவிட்டால் லேசில் விடமாட்டார். எனக்கோ அந்தப் பகுதிகள் ஆகாது. எப்போது பார்த்தாலும் பட்டயம், பஞ்சம், கொள்ளைநோய். ஆண்டவருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"கேக்க நாதியில்லாதவனுக்காக வர்ற கோவம் டீச்சர். அதுகூட இல்லாட்டி அவரு நமக்கு எதுக்கு?" என்றார்.

மழை பொய்த்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். கீழத்தெருக் கிணறு வற்றிவிட்டது. சபைப் பெரியவர் ஆசீர்வாதத்தின் தோட்டத்துக் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. பயிர் கருகிவிடும் என்று அவர் தோட்டத்துப் படலைப் பூட்டிவிட்டார். உபதேசியார் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் மட்டும் அனுமதி. கீழத்தெருப் பெண்கள் குடகனாற்று மணலில் ஊற்றுத் தோண்டினார்கள். அந்தத் தெருவில் சாராயம் பெருகியதால் வந்த தீர்ப்புதான் இந்தப் பஞ்சம் என்று ஆசீர்வாதம் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உபதேசியார் அவரோடு வாதாடவில்லை. மறுநாளிலிருந்து அவரும் அவர் மனைவி எஸ்தரும் குடத்தோடு ஆற்றுக்குப் போனார்கள். ஆம்பளை குடம் சுமப்பதைப் பார்த்து ஊர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஸ்தர் அப்போது மாசமாக இருந்தாள். வேதம் படித்த மனுஷனுக்குப் பெண்டாட்டி வயிறு தெரியாதா என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

"தெரியுது டீச்சர். அந்தத் தெருவுல இன்னும் மூணு பேரு மாசமா இருக்காக. ஆத்துக்குப் போன பிறகுதான் அது தெரிஞ்சுச்சு" என்றார்.

அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கைகளைப் பீடத்தில் வைத்து ஜெபித்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது நம் வழக்கம். கீழத்தெருவார் முட்டையும் கொஞ்சம் அவரைக்காயும் கொண்டுவந்தார்கள். ஆசீர்வாதம் ஆள் வைத்து ஒரு நெல் மூட்டையைத் தூக்கிவரச் செய்தார். அவர் காணிக்கை கொடுத்தால்தான் உபதேசியாருக்குச் சம்பளம் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் உபதேசியார் வாசற்படியில் குறுக்கே நின்றுவிட்டார். ஏழையின் வழக்கைக் கேட்பதுதான் தம்மை அறிவது என்று ஆண்டவர் தீர்க்கதரிசியிடம் சொல்லியிருப்பதை மெல்ல எடுத்துச் சொன்னார்.

"படலத் தொறந்துட்டு வாங்கண்ணே. மூட்டைய நானே தூக்கியாறேன்."

ஆசீர்வாதம் திரும்பிப் போய்விட்டார். மூட்டை ஏலத்துக்கு வரவில்லை. படலும் திறக்கவில்லை. உபதேசியாரை வேடசந்தூருக்கு மாற்றச் சொல்லிச் சபைப் பெரியவர்கள் மேலிடத்துக்கு எழுதினார்கள். அவர் வீட்டைக் காலி செய்து கிளம்புவதற்குள் எஸ்தருக்குப் பிள்ளை இறந்தே பிறந்தது. தண்ணீர் சுமந்ததால்தான் என்று நான் இன்றும் நினைக்கிறேன். அப்படி இருக்காது என்கிறாள் எஸ்தர்.

காணிக்கையைத் தடுத்தவனுக்கு ஆண்டவர் கொடுத்த தீர்ப்பு இது என்று ஊரில் பேசினார்கள். அந்தப் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. பிள்ளையைப் புதைத்த குழிமேட்டிலிருந்து திரும்பும் வழியில், நான் கேட்காமலே சொன்னார்.

"ஆண்டவர எனக்குத் தெரியும் டீச்சர். அவரு அப்படிச் செய்யிறவரு இல்ல."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். எனக்கு ஆண்டவரை அவ்வளவு தெரியாது. தெரிந்த ஒரு மனுஷர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் இத்தனை வருஷமாக ஜெபித்துவந்தேன். இன்று காலையிலும் முழங்காலில் நின்றேன். ஒரு வார்த்தையும் வரவில்லை.